ஒழுக்கம் காத்ததா, பாதை மூடியிருந்ததா?

டிசெம்பர் 1 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் நடக்கும் எயிட்ஸ் தினக் கூட்டங்களுக்கு ஒரு மாறாத ஒழுங்கு உண்டு. சட்டையில் சிவப்பு நாடா குத்துவார்கள். பாடசாலைப் பிள்ளைகள் பதாகை பிடித்துக்கொண்டு வெயிலில் நடப்பார்கள். வைத்தியர் ஒருவர் நோய் தொற்றும் வழிகளைச் சொல்லுவார். அதைவிட விரிவாகத் தொற்றாத வழிகளைச் சொல்லுவார்: கைகுலுக்கினால் வராது, நுளம்பு கடித்தால் வராது, ஒரே கோப்பையில் தேநீர் குடித்தால் வராது. கடைசியில் நன்றியுரைக்கு எழும்புகிறவர், "எங்கட கலாசாரம்தான் எங்களை இதுவரைக்கும் காப்பாத்தி வச்சிருக்கு" என்பார். கைதட்டு விழும். வைத்தியர் மெல்லத் தலையாட்டுவார். மறுத்துக் கதைத்தால் அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்கள்.

அந்த நன்றியுரையைத்தான் இங்கே உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது முழுப் பொய் அல்ல. இலங்கையில் வளர்ந்தோரிடையே எச்.ஐ.வி. தொற்று 0.1 வீதத்துக்கும் குறைவு. தென்னாபிரிக்காவில் வளர்ந்தோரில் ஆறு பேருக்கு ஒருவர் என்ற அளவில் தொற்று இருக்கிறது. அதோடு பார்த்தால் நாங்கள் வேறு உலகத்தில் வாழ்கிறோம். 1986 இல் வெளிநாட்டவர் ஒருவரிடமும், 1987 இல் முதலாவது இலங்கையரிடமும், 1989 இல் நாட்டுக்குள்ளேயே தொற்றிய ஒருவரிடமும் கண்டறியப்பட்ட நோய், முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகியும் பெருகிப் பரவவில்லை. ஆனால் 2021 இல் நாடு முழுவதும் புதிதாக அறியப்பட்டவர்கள் 411 பேர்; 2022 இல் 607 பேர்; அதற்கடுத்த வருடம் எண்ணிக்கை 700 ஐ நெருங்கியது. கொரோனாக் காலத்தில் பரிசோதனை குறைந்ததால் முதல் எண் தாழ்ந்து தெரிகிறது என்பதைக் கழித்துக்கொண்டாலும், ஏறுமுகம் ஏறுமுகம்தான். புதிதாக அறியப்படுகிறவர்களில் பெரும்பான்மை ஆண்கள். அவர்களில் இருபது இருபத்தைந்து வயதுப் பெடியன்களின் பங்கு கூடி வருவதைத்தான் சுகாதாரத் துறையினர் கவலையோடு சொல்கிறார்கள்.

ஒழுக்கம் காத்தது என்றால், அது எதை, எப்படிக் காத்தது?

முதலில் கிருமியின் கணக்கைப் பார்க்கலாம். தொற்றுள்ள, சிகிச்சை பெறாத ஒருவரோடு ஆணுறையின்றி உறவுகொள்ளும்போது, யோனிவழி உறவில் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 தடவைக்கு ஏறத்தாழ 8. குதவழி உறவில் ஏற்கும் நிலையில் இருப்பவருக்கு அது ஏறத்தாழ 138. தொற்றுள்ளவர் பாவித்த ஊசியைப் பகிர்ந்தால் 63. இவை சராசரிகள். தொற்றிய முதல் சில வாரங்களில் இரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருப்பதால் இந்த எண்கள் பல மடங்கு கூடும். வேறொரு பாலியல் நோயால் புண் இருந்தாலும் கூடும். அந்த முதல் வாரங்களில் சாதாரண இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் எதையும் காட்டாது. ஆளுக்கே தெரியாது. சிலருக்கு ஒரு காய்ச்சல் வந்து போகும், டெங்கு என்று நினைத்துப் பப்பாசி இலைச் சாறு குடித்திருப்பார்.

இதிலிருந்து வரும் முடிவை எங்கள் ஒழுக்கப் பேச்சு கவனிப்பதே இல்லை. வாழ்நாளில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பேரோடு உறவு வைத்தவரையும், ஒரே காலத்தில் இரண்டு பேரோடு உறவு வைத்தவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் முதலாமவரைத்தான் கூடாதவர் என்னும். கிருமிக்கு வசதியானவர் இரண்டாமவர். முதலாமவரிடம் தொற்று வந்தாலும் முன்பு பிரிந்தவர்களுக்கு அது திரும்பிப் போகாது. இரண்டாமவரின் வாசல் இரு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிறது. மார்ட்டினா மொறிஸும் மிர்யம் கிரெட்ஸ்மாரும் 1997 இல் கணித மாதிரிகளால் காட்டியது இதைத்தான்: துணைகளின் எண்ணிக்கை கூடாமலே, உறவுகள் ஒரே காலத்தில் நடப்பதால் மட்டும் பரவல் பல மடங்காகும். ஆபிரிக்கத் தரவுகளுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் முரண்படுகிறார்கள். ஆனால் அடிப்படைத் தர்க்கம் அசையவில்லை. மனைவியும் உண்டு, வெளியிலும் உண்டு என்ற ஏற்பாடு எங்களுக்குப் புதிதும் அல்ல. மருதத்திணையை ஒரு திணையாகவே வைத்துப் பாடியவர்கள் நாங்கள். பரத்தையிடம் போய்வந்த தலைவனுக்கு அங்கே ஊடல்தான் தண்டனை. தலைவியிடம் எதிர்பார்க்கப்பட்டது கற்பு.

இனிப் பாதைக்கு வருகிறேன். கிருமி இலங்கைக்குள் வந்த வருடங்களையும் குடாநாட்டின் வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். 1987 மே மாதம் வடமராட்சியில் படை நடவடிக்கை. அந்த ஜூலையில் இந்திய அமைதிப்படை. 1990 மார்ச்சில்தான் அது போனது. ஜூனில் மறுபடி யுத்தம். ஆனையிறவு பூட்டு, பொருளாதாரத் தடை, கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தால்தான் வெளியுலகம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே எழும்பி நடந்தது. குடாநாடு படையின் கைக்குள் வந்த பிறகு அனுமதிப் பத்திரம், கப்பல், பலாலியிலிருந்து விமானம், பொழுதுபட்டால் ஊரடங்கு. 2002 இல் ஏ-9 திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. 2009 வரை இதுதான் கதை. உலகமெங்கும் எயிட்ஸ் பெருவீதிகளில் போனது. கிழக்காபிரிக்காவில் லொறிப் பாதைகளில், தமிழ்நாட்டில் நாமக்கல்லை மையமாகக் கொண்டு ஓடிய லொறிகளோடு, பம்பாய்க்கும் அங்கிருந்து ஊருக்கும் போய்வந்த தொழிலாளரோடு. அந்த இருபது வருடங்களின் பெரும்பகுதியில் எங்களுக்கு லொறி ஓடவில்லை. இரவில் தங்க விடுதியும் இல்லை, இரவே இல்லை. குடாநாட்டுக்குள் தொற்று குறைவாக இருந்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால், பாதியையாவது காவலரணுக்கும் மூடிய பாதைக்கும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. விடுதலைப் புலிகள் தங்கள் போராளிகளின் காதலுக்கும் திருமணத்துக்கும் விதித்த வயதெல்லையும் அனுமதியும், ஊருக்குள் அவர்கள் நடத்திய ஒழுக்கக் கண்காணிப்பும் மீதியில் ஒரு பங்கு. அவையும் கலாசாரத்தால் வந்தவை அல்ல. துவக்கால் வந்தவை.

இன்று அவை ஒன்றும் இல்லை. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 2019 இல் பலாலியில் சர்வதேச விமானம் இறங்கியது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் புலம்பெயர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து விடுதிகளை நிரப்புகிறார்கள். எல்லாருடைய கையிலும் ஃபோன் இருக்கிறது. அதில் துணை தேடும் செயலிகள் இருக்கின்றன. கிருமிக்கு இருந்த புறத்தடைகள் போய்விட்டன. உள்தடை என்று நாங்கள் நம்புகிற ஒழுக்கம் தனியே அந்த வேலையைச் செய்யுமா?

இந்தக் கேள்வியை உலகம் பெருஞ்செலவில் கேட்டுப் பார்த்திருக்கிறது. 2003 இல் அமெரிக்கா ஆரம்பித்த பெப்ஃபார் எயிட்ஸ் உதவித் திட்டத்தில், தடுப்புக்கான பணத்தின் மூன்றிலொரு பங்கைப் பாலுறவு தவிர்ப்பு, ஒருவனுக்கு ஒருத்தி என்ற பிரசாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டமே வைத்தார்கள். 140 கோடி டொலர் அதற்குப் போனது. 22 ஆபிரிக்க நாடுகளின் தரவுகளை வைத்து 2016 இல் வெளியான ஆய்வு, பணம் போன நாடுகளையும் போகாத நாடுகளையும் ஒப்பிட்டது. முதல் உறவு கொள்ளும் வயது, ஒரு வருடத்தில் உள்ள துணைகளின் எண்ணிக்கை, பதின்ம வயதுக் கர்ப்பம் மூன்றிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை. நல்ல புத்தி சொல்லக் கூடாது என்பது இதன் பொருள் அல்ல. புத்தி சொல்வதை ஒரு தடுப்பு முறையாக எண்ணிப் பணம் போட்டால் அது போன இடம் தெரியாது.

உகண்டாவை எதிர்உதாரணமாகக் காட்டுவார்கள். 1990களின் தொடக்கத்தில் 15 வீதத்தளவில் இருந்த தொற்று பத்து வருடத்தில் 5 வீதத்தை அண்டியது. கட்டிய கயிற்றின் வட்டத்துக்குள்ளேயே மேய் என்ற கருத்தில் ஜனாதிபதி முசெவெனியின் அரசு நாட்டுப்புற மொழியில் செய்த பிரசாரம் துணைகளின் எண்ணிக்கையைக் குறைத்தது உண்மை. ஆனால் அங்கே ஒவ்வொரு வீட்டிலும் சாவு விழுந்திருந்தது. ஜனாதிபதி முதல் பாதிரியார் வரை வெளிப்படையாகப் பேசினார்கள். பயந்து அடக்கமானார்கள் என்று சொல்வதைவிட, கண்முன்னே கண்டதைப் பற்றி ஒருவரோடொருவர் கதைத்தார்கள் என்று சொல்வதே பொருத்தம். சாவே தெரியாத ஊரில் அந்தப் பிரசாரத்தை மட்டும் கடன்வாங்க முடியாது.

என்னைக் கேட்டால் எங்களுக்கு அதிகம் பயன்படும் பாடம் தாய்லாந்து. 1989 இல் ராட்சபுரி மாகாணத்தில் வைத்தியர் விவட் ரோஜனபிதயாகோர்ன் ஒரு சின்ன ஏற்பாட்டைச் செய்தார்: மாகாணத்திலுள்ள எல்லாப் பாலியல் விடுதிகளிலும் ஆணுறை இல்லையென்றால் உறவு இல்லை. ஒரு விடுதி மறுத்து இன்னொரு விடுதி அனுமதித்தால் வாடிக்கையாளர் அங்கே ஓடுவார். எல்லாரும் மறுத்தால் ஓட இடமில்லை. ஆளுநரையும் பொலிஸாரையும் விடுதி முதலாளிகளையும் ஒரே மேசையில் இருத்தினார். ஆணுறையை அரசு இலவசமாகக் கொடுத்தது. 1991 இல் அது தேசியத் திட்டமானது. விடுதிகளில் ஆணுறைப் பாவனை 14 வீதத்திலிருந்து சில வருடங்களிலேயே 90 வீதத்தைத் தாண்டியது. வருடமொன்றுக்கு 1,43,000 ஆக இருந்த புதிய தொற்று 2003 இல் 19,000 ஆக இறங்கியது. இதே காலத்தில் விடுதிக்குப் போகும் ஆண்களும் பாதியாகக் குறைந்தார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆபத்தை வெளிப்படையாகப் பேசியபோது ஆணுறையும் கூடியது, போக்குவரத்தும் குறைந்தது. ஆணுறை கொடுத்தால் பெடியள் கெட்டுப் போவார்கள் என்று எங்கள் கூட்டங்களில் சொல்லப்படும் பயத்துக்கு இதைவிடப் பெரிய பதில் இல்லை. பெண்களை நிர்ப்பந்தித்த பொலிஸ் கெடுபிடிகளும் அந்தத் திட்டத்தில் இருந்தன. அதற்கு மாற்றாகக் கல்கத்தா சோனாகாச்சியில் 1992 முதல் வைத்தியர் ஸ்மரஜித் ஜனா பாலியல் தொழிலாளர்களையே அமைப்பாக்கி அவர்கள் கையிலேயே தடுப்பைக் கொடுத்தார். இரண்டாவது வழி மெதுவானது, ஆனால் மரியாதையானது.

தமிழ்நாட்டின் தொடக்கக் கதை எங்கள் நன்றியுரைக்கு இன்னும் கிட்டவாக வரும். 1986 இல் சென்னையில் சுனிதி சொலமனும் அவரிடம் பயின்ற செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதிக்கப் புறப்பட்டபோது, இது மேற்கு நாட்டவரின் கெட்ட பழக்கத்தால் வரும் வியாதி, இந்தியாவுக்கு வராது என்றுதான் பத்திரிகைகளும் பெரியவர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. நம்ப மறுத்தார்கள், மறுபடி சோதித்தார்கள், இருந்தது. இருபது வருடத்தில் தமிழ்நாடு இந்தியாவிலேயே முன்னோடித் தடுப்பு மாநிலமாக மாறியதற்கு, அந்த நம்பிக்கை முதலிலேயே உடைந்தது ஒரு காரணம். "புள்ளிராஜாவுக்கு எயிட்ஸ் வருமா?" என்று சுவரெல்லாம் கேட்ட விளம்பரத்தை அந்தக் காலத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மண்டையோடு போட்டுப் பயமுறுத்திய சுவரொட்டிகளைவிட அந்தக் கேள்வி வேலை செய்தது. சிரித்தபடி தேநீர்க் கடையில் கதைக்கலாம். கதைக்க முடிந்த விடயம்தான் கேட்க முடிந்த விடயமாகிறது.

எங்கள் ஊரில் அது எவ்வளவு தூரம் கதைக்கக்கூடியதாக இருக்கிறது? ஆணுறை இலங்கைக்குப் புதிய பொருள் அல்ல. 1953 இல் குடும்பத் திட்டச் சங்கம் ஆரம்பமானது. 1973 இல் "பிரீத்தி" என்ற பெயரில் ஆணுறை சாதாரணக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. ஆணுறையை வியாபாரப் பொருளாக்கிப் பரப்பிய தொடக்ககால நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஆனால் அது வந்தது பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போட. அரசின் கையும் அந்த வழியாலேயே போனது: கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடு ஒன்று இருக்கிறது, அதில் பெயர் உள்ள வீட்டுக்கு அவர் போவார், ஆலோசனை சொல்லுவார், ஆணுறையும் கொடுப்பார். கலியாணமாகாத இருபத்திமூன்று வயதுப் பெடியனின் பெயர் அதில் இல்லை. அவனுக்குப் பாமசிதான். பாமசியில் நிற்பவர் பெரும்பாலும் பக்கத்துத் தெரு. இல்லாவிட்டால் அம்மாவோடு படித்தவர். பனடோல் ஒரு கார்ட் வாங்கி, பற்பசை ஒன்று வாங்கி, மற்றவர்கள் போகட்டும் என்று நின்று, கடைசியில் பற்பசையோடு மட்டும் திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கவுண்டருக்கு அந்தப்பக்கம் நிற்பவரைக் கேட்டால் சொல்லுவார். கேட்டு வாங்கினாலும் பொருள் மண்ணிறக் கடதாசியில் சுற்றி, மற்றவர் காணாமல் கைமாறும். அந்தக் கடதாசி அன்பினால் சுற்றப்படுவதுதான், ஆனால் செய்யக் கூடாததைச் செய்கிறாய் என்ற செய்தியையும் அது சேர்த்தே கொடுக்கிறது.

ஒழுங்காகப் பாவித்தால் ஆணுறை தொற்றை ஏறத்தாழ 80 வீதம் குறைக்கிறது. ஒழுங்காக என்ற சொல்லுக்குள்தான் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. வெட்கத்தால் வாங்காதவன் பாவிக்கமாட்டான். வாங்கி மணிபர்ஸுக்குள் மாதக்கணக்கில் வைத்தவன் வெப்பத்தில் பழுதான ஒன்றைப் பாவிப்பான். இந்த ஊரில் கலியாண வயது பிந்திக்கொண்டே போகிறது: சீதனம், அக்காமார், வீட்டுக் கடன், வெளிநாட்டு விசா. பதினெட்டுக்கும் முப்பத்திரண்டுக்கும் இடையிலான பதினான்கு வருடங்களை வெறும் "வேண்டாம்" என்ற சொல்லால் கடக்கச் சொல்லுகிறோம். கனடா மாப்பிள்ளை கலியாணம் முடித்துப் போய், விசா வர இரண்டு மூன்று வருடம் என்று பிரிந்து வாழும் தம்பதிகளுக்கும் அந்த ஒரு சொல்தான்.

சாதகப் பொருத்தம் பார்ப்பதுபோலக் கலியாணத்துக்கு முன் இரத்தமும் பார்க்கவேண்டும், அதைச் சட்டமாக்கினால் என்ன என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். அமெரிக்காவின் இலினோய் மாநிலம் 1988 இல் இதைச் சட்டமாக்கிப் பார்த்தது. முதல் ஆறு மாதங்களில் 70,846 பேரைச் சோதித்தார்கள். தொற்று இருந்தவர்கள் 8 பேர். ஒருவரைக் கண்டுபிடிக்க மூன்று லட்சம் டொலருக்கு மேல் செலவு. அதே காலத்தில் மாநிலத்தில் திருமணப் பதிவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பக்கத்து மாநிலத்துக்குப் போய்க் கலியாணம் முடித்தார்கள். 1989 இல் சட்டத்தையே நீக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் அது இன்னும் மோசமாக நடக்கும். முடிவு எந்த வழியாலாவது தரகருக்குத் தெரிந்துவிடும். "இல்லை" என்று வந்த கடதாசியை அடுத்த நாற்பது வருடத்துக்கான அத்தாட்சியாகச் சட்டகத்தில் போட்டு மாட்டுவார்கள். ஆபத்து கலியாணத்தோடு முடிவதில்லை. பல பெண்களுக்கு அது அன்றுதான் ஆரம்பிக்கிறது.

வாழ்நாளில் ஒரே ஆணோடு மட்டும் வாழ்ந்து, அந்த ஆணிடமிருந்தே தொற்றுப் பெற்ற மனைவிமார் உலகமெங்கும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள். அவர்களின் பாலியல் நடத்தையில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. பாலியல் நடத்தை என்ற சொற்றொடரே தெரிவு செய்யும் சுதந்திரம் உள்ளவரை மனதில் வைத்து உருவானது. 1996 செப்டெம்பரில் செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்ட பாடசாலை மாணவி கிருஷாந்திக்கு நடந்த பாலியல் வன்முறையை நினைவில் வைத்திருக்கும் ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வன்முறைக்கு உள்ளானவர் 72 மணித்தியாலத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுத்தால் தொற்றைப் பெருமளவு தடுக்கலாம். இந்த ஒரு தகவல் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும், ஒவ்வொரு அவசர சிகிச்சைப் பிரிவிலும், ஒவ்வொரு பெண்கள் அமைப்பிலும் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். கலாசார உரைகளில் இது ஒருநாளும் வருவதில்லை.

சட்டத்தின் பக்கமும் பார்க்கத்தான் வேண்டும். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையேதான் இலங்கையில் புதிய தொற்றின் பெரும்பகுதி இப்போது அறியப்படுகிறது. 1883 இல் வெள்ளைக்காரர் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் அவர்களைக் குற்றவாளிகளாக்குகின்றன. 1995 இல் திருத்தியபோது பிரிவை நீக்கவில்லை. பெண்களையும் அதற்குள் சேர்த்தார்கள். 2023 மே மாதம், இதை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. பாலியல் தொழிலாளர்களைப் பிடிக்கப் பயன்படுவது அதைவிடப் பழைய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். பையில் ஆணுறை இருந்ததையே சாட்சியாகக் காட்டிய கதைகள் நாட்டில் நிறைய உண்டு. ஒரு திணைக்களம் இலவசமாகக் கொடுப்பதை இன்னொரு திணைக்களம் குற்றத்தின் தடயமாக எடுக்கிறது. 2022 இல் யாழ்ப்பாண வீதியில் வானவில் கொடியோடு ஊர்வலம் போனபோது ஊரில் பலர் முகம் சுளித்தார்கள். எயிட்ஸ் தடுப்பு என்ற ஒரே கண்ணால் பார்த்தாலும் அந்த ஊர்வலம் பெரிய காரியம். ஒளிந்திருப்பவரை எந்தத் தாதியாலும் சோதிக்க முடியாது. ஊருக்காகக் கலியாணம் முடித்து, ஒளித்து இன்னொரு உறவு வைத்திருக்கும் ஆணை உருவாக்குவதும் இதே சட்டமும் இதே முகச்சுளிப்பும்தான். முன்னே சொன்ன இரண்டு பக்க வாசல் அங்கே திறக்கிறது.

ஹெரோயினைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடந்த சில வருடங்களாகக் குடாநாட்டில் இளைஞர்கள் ஹெரோயினை ஊசியால் ஏற்றிக்கொள்வது கூடுவதாக இங்குள்ள வைத்தியர்களே எச்சரிக்கிறார்கள். மணிப்பூரில் 1989 செப்டெம்பரில் ஊசி போடுவோரிடம் தொற்று இல்லை என்ற நிலை இருந்தது. ஆறு மாதத்தில் அவர்களில் பாதிப்பேருக்கு வந்தது. பாலுறவில் இருபது வருடம் எடுக்கும் பரவலை ஊசி ஆறு மாதத்தில் முடித்துவிடும். பிறகு அது அவர்களின் துணைகளுக்குப் போகும்.

மருத்துவம் இதற்கிடையில் எவ்வளவோ தூரம் போய்விட்டது. 2011 இல் வெளியான ஆய்வொன்று, தொற்றுள்ளவர் நேரத்தோடு மருந்தெடுத்தால் துணைக்குத் தொற்றுவது 96 வீதம் குறைகிறது என்று காட்டியது. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகளில், ஒருவருக்குத் தொற்றுள்ள தம்பதிகளைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். கிருமி அளவிட முடியாதபடி அடங்கியிருந்தவர்களிடமிருந்து, ஆணுறை இல்லாத பல்லாயிரம் உறவுகளுக்குப் பிறகும், துணைக்குத் தொற்றியது பூச்சியம். அதாவது நாளொன்றுக்கு ஒரு குளிசை எடுப்பதும் இன்று ஒரு பாலியல் நடத்தை. தொற்றில்லாதவர் முன்கூட்டியே எடுக்கும் மருந்தும் உண்டு. 2024 இல் ஆபிரிக்கப் பெண்களிடம் சோதித்த லெனகபவிர் ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவது. அதைப் பெற்ற 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை.

இலங்கையில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். யாழ். போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போக யாருடைய கடிதமும் தேவையில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. அந்தக் கதவுக்குப் போகும் நடைபாதையில்தான் சிக்கல்: வழியில் சித்தியின் மகள் தாதியாக நிற்பாள், சிற்றூழியர் ஒருவர் ஊர்க்காரராக இருப்பார். "தம்பி, என்ன இந்தப் பக்கம்?" என்ற ஒரு அன்பான கேள்வி போதும். அதனால் கொழும்புக்கு 400 கிலோமீற்றர் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. ஏறாமலே விடுகிறவர்கள் அதிகம். இந்தப் பயம் கற்பனை அல்ல. 2016 இல் குளியாப்பிட்டியில் ஆறு வயதுப் பையன் ஒருவனின் தகப்பன் எயிட்ஸால் செத்தார் என்ற கதை பரவி, அவனைச் சேர்த்த பாடசாலையிலிருந்து மற்றப் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அவனுக்குத் தொற்றே இல்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றது. அதைப் பத்திரிகையில் வாசித்தவர், தனக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்வார்?

பெண்களுக்கு இந்த நடைபாதைச் சிக்கலை நாடு ஒரு வழியில் தீர்த்துவிட்டது. கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வருகிறார்கள். எல்லாருக்கும் எடுக்கும் இரத்தத்தோடு சேர்த்து எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பார்க்கப்படுகின்றன. எல்லாருக்கும் என்பதால் யாருக்கும் வெட்கமில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்ததற்கு இந்த அமைதியான வேலைதான் காரணம். இதில் ஒருவருடைய ஒழுக்கத்தையும் யாரும் விசாரிக்கவில்லை.

ஆண்களுக்கு அப்படியொரு இடம் இருக்கிறதா என்று தேடினால், எனக்குத் தெரிவது இரத்ததான முகாம் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் பழைய மாணவர் சங்கமும் விளையாட்டுக் கழகமும் ஞாபகார்த்தத்துக்கும் பிறந்தநாளுக்கும் முகாம் வைக்கின்றன. பெடியள் கூட்டமாக வருகிறார்கள். கொடுக்கும் ஒவ்வொரு பை இரத்தமும் எச்.ஐ.வி.க்குச் சோதிக்கப்படுகிறது. அதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வேறு எந்த இடத்திலும் யாரும் கேட்காத கேள்விகள் அதில் இருக்கின்றன: விலைக்கு உறவு கொண்டீர்களா, ஆணோடு உறவு கொண்டீர்களா, போதைமருந்து ஊசி ஏற்றினீர்களா. அந்தப் படிவத்தை ஒரு பெடியன் நிரப்புவது கழக அணியின் நடுவில், தோளோடு தோள் இடிக்கும் வாங்கில், பக்கத்திலிருப்பவனிடம் பேனை இரவல் வாங்கி. உண்மையில் ஆபத்திருந்தவன் என்ன செய்வான்? எழும்பிப் போனால் ஏன் போனான் என்று கேட்பார்கள். "இல்லை" என்று அடையாளமிட்டுவிட்டுப் படுப்பான். முதல் வாரங்களின் தொற்று சோதனையில் அகப்படாமல் போகும் சிறு வாய்ப்பும் அந்தப் பைக்குள் போகும். வேறு நாடுகளில் இதற்கொரு வழி வைத்திருந்தார்கள். இரத்தம் கொடுத்து முடிந்த பிறகு, தனியான மறைப்புக்குள், யாரும் பார்க்காமல் கோட்டுக்குறி ஒட்டி ஒன்றை ஒட்டிவிட்டுப் போகலாம். இந்த இரத்தத்தைப் பாவிக்காதீர்கள் என்பது அதன் பொருள். ஒரு மறைப்பு, இரண்டு வகை ஒட்டி, அதோடு எங்கே போய்த் தனியாகச் சோதிக்கலாம் என்ற ஒரு ஃபோன் இலக்கம் அச்சடித்த துண்டு. அடுத்த முகாமை நடத்தும் கழகம் இரத்த வங்கியோடு கதைத்துப் பார்க்கலாம். ஒரு திரைச்சீலையும் இரண்டு கதிரையும் கூடுதலாக வேண்டிவரும்.